கிண்டி முதல் தாம்பரம் வரை, உலகம் மாறிய உயிர்கள்

உயிருலகங்களின் கதை: பகுதி 7

சென்ற பகுதி தரங்கம்பாடிக் கடற்கரையில் நின்றது. லின்னேயஸிடம் பாடம் கேட்ட யோஹான் கேர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே வந்திறங்கியபோது, அவர் கற்றுவந்த முறைப்படி உயிர்களுக்கு இரண்டே உலகங்கள்: தாவரம், விலங்கு. லின்னேயஸ் 1735-இல் வகுத்த திட்டத்தில் மூன்றாவதாக ஓர் உலகம் உண்டு; அது கல்லுக்கும் கனிமத்துக்கும் உரியது. உயிருள்ளவற்றுக்கு இரண்டு போதும் என்று அவர் கருதினார். வேரூன்றி நிற்பவை ஒரு பக்கம், நடந்தும் நீந்தியும் இரை தேடுபவை மறு பக்கம். கோனிக்குக்குப் பின் தென்னிந்தியாவில் செடிகொடி திரட்டியவர்களுக்கும் இதில் குறை தெரியவில்லை. ஆலமரத்தையும் ஆமையையும் பிரித்துவைக்க அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

அந்த இரண்டு உலகங்கள் உடைந்த கதையைச் சொல்ல உப்சாலாவுக்கும் லண்டனுக்கும் போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே, அந்தத் தடத்தின் தென்பாதியிலேயே அதற்கான சாட்சிகள் வரிசையாக இருக்கின்றன. கிண்டியில் ஒரு தாவரவியல் மையம், சானடோரியம் நிலையத்தருகே ஒரு காசநோய் மருத்துவமனை, தாம்பரத்தில் ஒரு கல்லூரி, கிழக்கே சற்றுத் தள்ளிப் பள்ளிக்கரணைச் சதுப்பு.

கதை ஒரு பச்சை உருண்டையில் தொடங்குகிறது. வால்வாக்ஸ் என்பது அதன் பெயர். குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், கூர்ந்து பார்ப்பவர்களுக்கு வெறுங்கண்ணாலேயே தெரியக்கூடிய பச்சைப் புள்ளி. நுண்ணோக்கியில் வைத்தால் நூற்றுக்கணக்கான, சில வகைகளில் ஆயிரக்கணக்கான செல்கள் ஒரு கோளத்தின் மேற்பரப்பில் அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு கசையிழைகள். அத்தனையும் ஒருசேரத் துடிக்க, உருண்டை சுழன்றபடி நீந்திப் போகும். லேவன்ஹூக் 1700-இல் இதைப் பார்த்து எழுதிவைத்தார். நீந்துகிறது, ஆகவே விலங்கு. லின்னேயஸ் 1758-இல் வால்வாக்ஸைப் புழுக்களின் பிரிவில் சேர்த்தார். ஆனால் அதன் செல்களுக்குள் பச்சையம் இருக்கிறது. வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அப்படியானால் தாவரம்.

இந்தியாவில் இதை ஊன்றிப் பார்த்தவர்களில் முந்தியவர் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர். அவர் 1859-இல் எழுதிய குறிப்புகளின் நினைவாகத்தான் ஓர் இனத்துக்கு வால்வாக்ஸ் கார்ட்டெரி என்று பெயர் வந்தது. ஒற்றைச் செல் உயிர்கள் எப்படிப் பல செல் உடலாகச் சேர்ந்தன என்று ஆராய்பவர்களுக்கு இன்று அந்த இனமே முதன்மையான சோதனை உயிர். 2010-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, அதன் ஒற்றைச் செல் உறவான கிளமிடோமோனாஸோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மரபணுக்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை, 14,500 அளவில். தனியாக வாழ்ந்த செல் கூட்டு உடலாக மாறுவதற்குப் புதிய மரபணுக்கள் பெரிய அளவில் தேவைப்படவில்லை என்பது அன்று பலரை வியக்கவைத்தது.

சென்னைக்கு வந்தால், வால்வாக்ஸ் என்றதும் சொல்லவேண்டிய பெயர் எம். ஓ. பி. ஐயங்கார். 1886-இல் சென்னையில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்தவர். லண்டனில் பாசியியல் அறிஞர் எஃப். ஈ. ஃபிரிட்சிடம் ஆய்வு செய்து திரும்பிச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். தென்னிந்திய நீர்நிலைகளில் வாழும் வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை 1933-இல் லண்டன் லின்னேயச் சங்கம் தன் இதழில் வெளியிட்டது. லின்னேயஸ் புழு என்று வைத்ததைச் சென்னைக்காரர் ஒருவர் பாசி என்று முழுமையாக விவரித்ததை, லின்னேயஸின் பெயர் தாங்கிய சங்கமே அச்சிட்டிருக்கிறது! அதற்கு முந்தைய ஆண்டு, ஈரமண்ணில் வாழும் ஒரு புதுப் பாசியைக் கண்டுபிடித்துத் தன் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டிருந்தார். மண்ணுக்குள் ஒரு பகுதி, மண்ணுக்கு மேல் ஒரு பகுதி என்று வளரும் அந்தச் சின்னஞ்சிறு பாசி, நீரில் இருந்த தாவரங்கள் தரைக்கு ஏறியது எப்படி என்ற கேள்வியில் இன்றும் பேசப்படுகிறது. ஐயங்கார் 1963-இல் காலமானார். வால்வாக்ஸ் வரிசையைப் பற்றி அவரும் அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரியும் எழுதிய பெருநூல் 1981-இல்தான் வெளிவந்தது.

கல்லூரி வகுப்புகளிலோ வால்வாக்ஸ் இரண்டு வீட்டுப் பிள்ளையாகவே நெடுங்காலம் இருந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்து, சேலையூர்ப் புதர்க்காட்டில் சுமார் 365 ஏக்கரில் குடியேறியது. அந்த வளாகத்தின் மரங்களை வளர்த்ததில் பெரும்பங்கு எட்வர்ட் பார்ன்ஸுக்கு உண்டு. அவர் வேதியியல் பேராசிரியர். ஆனாலும் மலைகளில் ஏறிச் செடி சேகரித்தவர், அவருடைய பெயரில் அரிசீமா பார்ன்ஸியை என்ற இனமே இருக்கிறது. அந்தக் கல்லூரியில் மட்டுமில்லை, அன்றைய தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொதுவாகவே, தாவரவியல் மாணவர் வால்வாக்ஸைப் பச்சைப் பாசி என்று படிப்பார். விலங்கியல் மாணவர் அதையே முதல் உயிரிகளான புரோட்டோசோவாவில் படிப்பார். யூக்ளினா என்ற பச்சை ஒற்றைச் செல் உயிருக்கும் இதே கதி. ஸ்லைடு ஒன்றுதான், ஆய்வுக்கூடம் இரண்டு, தேர்வுத்தாளில் எழுதவேண்டிய விடையும் இரண்டு.

இந்தச் சங்கடத்துக்கு ஐரோப்பா முன்பே ஒரு வழி சொல்லிவிட்டிருந்தது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது உலகத்தை உண்டாக்கி, இரண்டிலும் அடங்காத நுண்ணுயிர்களை அதில் போட்டார். அமெரிக்கரான ஹெர்பர்ட் கோப்லாண்ட் 1938-இல் உலகங்களை நான்காக்கினார். பாடத்திட்டங்கள் இவர்களைக் குறிப்பிட்டுவிட்டுப் பழைய இரண்டிலேயே தொடர்ந்தன.

ஒன்றாகவே பாடம் நடத்தப்பட்ட வால்வாக்ஸும் யூக்ளினாவும் பின்னாளில் பிரிந்தது தனிக்கதை. மரபணுச் சான்று வால்வாக்ஸைச் செடிகளின் வம்சத்திலேயே உறுதியாக நிறுத்தியது. புல்லுக்கும் புளியமரத்துக்கும் அது மெய்யான உறவு. யூக்ளினா அங்கிருந்து வெகுதொலைவுக்குப் போய்விட்டது. அதன் பச்சைநிறம் பிறவிச் சொத்து இல்லை. எப்போதோ ஒரு பச்சைப் பாசியை விழுங்கிச் செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதால் வந்தது என்று சாரா கிப்ஸ் 1978-இல் விளக்கினார். யூக்ளினாவின் உண்மையான சொந்தக்காரர்களைத் தேடிப் போனால், சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்துசேர்கிறோம். அங்கே 1903-இல் சார்லஸ் டோனவன், காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடம் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். காலா அசார் நோய்க்குக் காரணமான அதற்கு ரொனால்ட் ராஸ் சூட்டிய பெயர் லெய்ஷ்மேனியா டோனவானி. குளத்தில் பச்சையாக நீந்தும் யூக்ளினாவும் மனிதரின் மண்ணீரலில் வளரும் டோனவனின் ஒட்டுண்ணியும் ஒரே கிளையில் பிறந்தவை. செடிக்கும் விலங்குக்கும் நடுவில் எங்கே கோடு போட்டாலும் இந்த உறவு கண்ணுக்குப் பட்டிருக்காது.

அடுத்து, சென்னையில் மாடி வீட்டில் குடியிருக்கும் எல்லாரும் பார்த்திருக்கும் ஓர் உயிர். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கறுப்பாகப் படிந்து, கோடையில் காய்ந்து பொருக்காகி, அடுத்த மழையில் மறுபடி உயிர்பெறும் படலத்தில் பெரும்பகுதி நீலப்பசும்பாசிதான். நெல்வயல்களில் இது செய்யும் வேலை பெரிது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வயலுக்கு உரமாக்குகிறது என்று பி. கே. டே 1939-இல் நிறுவினார். உரம் போடாமலே தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த வயல்களின் ரகசியத்தில் இதற்கும் பங்கு உண்டு.

இந்தப் பாசிகளுக்கு உலகம் முழுவதும் கையேடாக விளங்கும் நூல் சென்னையில் எழுதப்பட்டது. தேசிகாச்சாரியின் ‘சயனோபைட்டா’ என்ற அந்தப் பெருநூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1959-இல் வெளியிட்டது. 700 பக்கத்தை நெருங்கும் நூல். ஒவ்வோர் இனத்துக்கும் இழையின் அகலம், செல்லின் நீளம், உறையின் நிறம், கண்டெடுத்த இடம், கையால் வரைந்த படம் என்று எல்லாம் அதில் உண்டு. பிரேசிலிலோ எகிப்திலோ ஒரு மாணவர் நீலப்பசும்பாசியைப் பெயர் கண்டுபிடிக்க முனைந்தால், ஆய்வுக்கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இன்றும் இந்த நூலின் பெயர் வந்துவிடுகிறது.

நூல் வெளிவந்த மூன்றே ஆண்டில், 1962-இல், ரோஜர் ஸ்டேனியரும் சி. பி. வான் நீலும் பாக்டீரியா என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு கட்டுரை எழுதினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி அதற்குள் செல்லின் உள்வீட்டைத் திறந்து காட்டியிருந்தது. சவ்வு போர்த்திய உட்கரு உள்ள செல்கள் ஒருவகை, அப்படி ஒன்று இல்லாத செல்கள் இன்னொருவகை. உயிர்களுக்கு நடுவிலுள்ள மிகப் பெரிய பிளவு இதுதான், செடிக்கும் விலங்குக்கும் இடையிலுள்ளது இதற்கு முன் சிறியது என்பது அவர்களின் வாதம். இந்த அளவுகோலால் அளந்தபோது நீலப்பசும்பாசி பாக்டீரியாவின் பக்கம் விழுந்தது. உட்கரு இல்லை, மைட்டோகாண்டிரியா இல்லை, தனியாகப் பசுங்கணிகமும் இல்லை. 1978-இல் ஸ்டேனியரும் உடன் ஆய்ந்தவர்களும், இனி இவற்றுக்குத் தாவரச் சட்டப்படி பெயர் வைக்கவேண்டாம், பாக்டீரியாச் சட்டப்படி வைப்போம் என்று முறையாகவே முன்மொழிந்தார்கள். சயனோபாக்டீரியா என்ற பெயர் பாடநூல்களுக்குள் வந்தது அதன்பின்தான்.

தாவரவியலாளர் ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்து விவரித்த வகைகள் வேறோர் உலகத்துக்குப் போய்விட்டன. நூல் வீணாகவில்லை. பின்வந்த மரபணு ஆய்வு பேரினங்கள் சிலவற்றை உடைத்து வேறு விதமாகச் சேர்த்தது உண்மை. ஆனால் தேசிகாச்சாரி அளந்த அளவும் வரைந்த படமும் அப்படியே செல்லுபடியாகின்றன. எந்த உலகத்தில் வைப்பது என்ற முடிவு மாறலாம், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய வரி மாறுவதில்லை. சென்னைப் பாசியியலாளர்களின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்கள் இன்னும் போதிய அளவு அறியவில்லை.

இழைப்பாசியைப் பற்றிப் பேசும்போது தாம்பரத்தின் இன்னொரு தொடர்பையும் விட்டுவிடக் கூடாது. இழையாக வளரும் உயிர்களில் எந்த செல் எப்போது இரண்டாகும் என்பதை 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மாயர் எழுத்துகளை மாற்றிப்போடும் விதிகளாக எழுதிக்காட்டினார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் அந்த விதிகளை விரித்து ஆராய்ந்தார்கள். வாசல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்ததும் இதே இணைதான்.

1969-இல் வந்தது ஐந்துலக வகைப்பாடு. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. உட்கரு இல்லாதவற்றுக்கு மொனிரா; பிறகு புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். விட்டேக்கர் பார்த்தது சாப்பாட்டு முறையை: வெயிலில் சமைப்பது தாவரம், விழுங்கிச் செரிப்பது விலங்கு, வெளியே நொதியை விட்டுக் கரைத்து உறிஞ்சுவது பூஞ்சை. காளானையும் ரொட்டிப் பூஞ்சணத்தையும் பச்சையம் இல்லாத செடி என்று சொல்லிக்கொண்டிருந்த வழக்கம் அத்தோடு முடிந்தது. ஆனால் பூஞ்சையை ஆராய்ந்தவர்கள் தாவரவியல் துறையை விட்டுப் போகவில்லை. ஐயங்காரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்து இன்று கிண்டி வளாகத்தில் இயங்கும் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் ஆகியோரால் பூஞ்சையியல் பெரும் புகழடைந்தது. சுப்பிரமணியன் 1962-இல், வித்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டு ஹைஃபோமைசீட்ஸ் எனும் பூஞ்சைகளுக்குப் புது வகைப்பாடு தந்தார். 1971-இல் அந்தப் பூஞ்சைகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். பெயரிடும் சட்டத்தின் தலைப்பில் பூஞ்சைக்கு இடம் கிடைத்தது 2011 மெல்போர்ன் மாநாட்டில்தான். அதுவரை அது வெறும் தாவரவியல் பெயரிடு சட்டம்.

பூஞ்சை உலகத்திலும் எல்லாரும் நிலைக்கவில்லை. பைட்டோப்தோரா என்ற ஒன்று. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்தது இந்தக் குடும்பம். நம் பக்கத்தில் தென்னையின் குருத்தழுகல், வெற்றிலைக் கொடிக்காலின் வாடல் நோய் எல்லாம் இதன் வேலை. இழை இழையாகப் படரும், வித்து விடும்; பார்வைக்குப் பூஞ்சையேதான். ஆனால் அதன் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது, பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டின் அல்ல. அதன் நீந்தும் வித்துகளில் இரண்டு கசையிழைகள், ஒன்றில் மயிர்போன்ற நுண்தூவல். அதே தூவல் வேறு எங்கே இருக்கிறது என்று தேடினால், கடலில் கண்ணாடிக் கூடு கட்டி வாழும் டயாட்டம்களின் கூட்டத்தில் இருக்கிறது! தாமஸ் கவாலியர் ஸ்மித் 1981-இல் குரோமிஸ்டா என்றொரு தனி உலகத்தை உருவாக்கினார். டயாட்டமும் பழுப்புப் பாசியும், பின்னர் பைட்டோப்தோராவும் அதில் ஒன்றாகச் சேர்ந்தன. தேசிகாச்சாரி 1980-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட டயாட்டம் படத்தொகுப்பும், கொடிக்கால்காரரை வாட்டும் நோய்க்கிருமியும் இப்போது ஒரே குடும்பச் செய்தி.

கொடிக்காலில் நிற்பவருக்கு இதனால் ஆவது என்ன? நிறைய உண்டு. பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுத்து அதைக் கொல்லும் மருந்துகள் கடையில் பல இருக்கின்றன. பைட்டோப்தோரா அந்தப் பொருளைத் தானே தயாரிப்பதில்லை. ஆகவே அந்த மருந்துகள் அதனிடம் செல்லாது. போர்டோ கலவையும் மெட்டலாக்சிலும்தான் கைகொடுக்கும். எந்த உலகத்து உயிர் என்பதில் தவறினால் மருந்துக் காசு வீண், கொடியும் போய்விடும்.

மனித உடம்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அதற்குச் சானடோரியம் நிலையத்தில் இறங்கவேண்டும்.

டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் விடுதி நடத்தியவர். 1917-இல் கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் தங்கியது அவருடைய விடுதியில்தான். அவர் தாயகம் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை அரசு 1937-இல் ஏற்றுக்கொண்டது. ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்தது. சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு ஆகியவைதான் அன்று தர முடிந்த சிகிச்சை. ராபர்ட் கோக் 1882-இலேயே கிருமியைக் காட்டிவிட்டார். ஆனால் கண்ணாடிக் குடுவையில் அது பூஞ்சணம்போல் படர்ந்து வளர்ந்ததால், 1896-இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் பூஞ்சையின் சாயலிலேயே மைக்கோபாக்டீரியம் என்றார்கள். 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு எதிரான முதல் வலுவான மருந்து. அந்த மருந்தைச் சுரந்த மண்ணுயிரும் அன்று பூஞ்சையோடு வைத்துப் பேசப்பட்டதுதான். நோய்க்கிருமியும் மருந்தைச் சுரந்த உயிரும் இரண்டுமே பூஞ்சையல்ல, பாக்டீரியா என்பது பின்னர் உறுதியானது.

ஸ்ட்ரெப்டோமைசின் கிருமியைக் கொன்றுவிட்டு நோயாளியை ஏன் விட்டுவைக்கிறது? ஒவ்வொரு செல்லிலும் புரதம் நெய்யும் ரைபோசோம் உண்டு. பாக்டீரியாவின் ரைபோசோமில் 16எஸ் எனப்படும் ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது, மருந்து போய் ஒட்டுவது அங்கே. மனித செல்லின் ரைபோசோம் வேறு அமைப்பு, மருந்துக்கு அங்கே சரியான பிடி இல்லை. இரண்டு உலகங்களுக்கு நடுவிலுள்ள தூரம்தான் நோயாளியின் உயிர். ஆனால் இந்த மருந்து சிலரின் காதைக் கெடுத்தது. அதன் காரணம் 1993-இல் தெளிவானது. நம் செல்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா ஒருகாலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. அதன் ரைபோசோம் இன்னும் பழைய சாயலிலேயே இருக்கிறது. அதில் ஒரேயோர் எழுத்து மாறிப் பிறந்தவர்களிடம் மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. உட்செவியின் செல்கள் சாகின்றன. மருத்துவர் எழுதிய சீட்டில், இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய உறவு ஒன்று குறுக்கிட்டுவிடுகிறது.

மருந்துகள் வந்ததும் சானடோரியங்களின் காலம் மாறியது. சென்னையில் 1956-இல் தொடங்கி 193 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று 1959-இல் காட்டியது. உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையையே திருப்பிவிட்ட முடிவு அது.

பாக்டீரியா தூரத்து அந்நியர் என்றால், பூஞ்சை பக்கத்து உறவினர். ரைபோசோம் மரபணுவையும் புரதங்களையும் ஒப்பிட்ட இரண்டு குழுக்கள் 1993-இல் ஒரே முடிவுக்கு வந்தன. பூஞ்சைக்கு நெருக்கமானது செடியல்ல, விலங்கு. காளானுக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதை, காளானுக்கும் கீரைக்கும் பொதுவான மூதாதையைவிடப் பிந்தியவர். பூஞ்சை நோய்க்கு மருந்து கிடைப்பது அரிதாயிருப்பதன் காரணமும் இதுவே. அதைத் தாக்கும் எதுவும் நம்மையும் கொஞ்சம் தாக்கும். 2021 மே மாதத்தில் கொரோனாவிலிருந்து மீண்டவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. ஆம்போடெரிசின்-பி ஊசிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டெராலைப் பிடிக்கும் அந்த மருந்து, நம் சவ்வின் கொலஸ்டிராலையும் ஓரளவு பிடிக்கிறது. அதனால் சிறுநீரகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றவேண்டியிருந்தது.

கிண்டியில் இறங்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு, கிங் நோய்த்தடுப்பு நிலையம். 1899-இல் தொடங்கிய அந்த நிலையம் அம்மைப்பால் தயாரித்து மாகாணம் முழுவதும் அனுப்பியது. அங்கே கையாளப்பட்ட உயிருக்கு, உயிர் என்று சொல்லலாமா என்பதே வழக்காக இருந்ததால், லின்னேயஸ் முதல் விட்டேக்கர் வரை யாருடைய உலகத்திலும் இடம் இல்லை. வைரஸ்களுக்கெனத் தனியாக உலகங்களை வகுக்கும் முறையைச் சர்வதேச வகைப்பாட்டுக் குழு 2020 வாக்கில் ஏற்றது. பெரியம்மை வைரஸ் இப்போது பாம்ஃபோர்டுவிரே என்ற உலகத்தில் இருக்கிறது. பூமியில் அந்த நோய் ஒழிந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு அதற்கு முகவரி கிடைத்திருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசின் போய் ஒட்டும் அதே 16எஸ் இழையைத்தான் இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் பல ஆண்டுகள் துண்டு துண்டாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். எல்லா உயிரிலும் ரைபோசோம் இருப்பதால், அதன் எழுத்துகளை ஒப்பிட்டால் யாருக்கு யார் உறவு என்று கணக்கிடலாம் என்பது அவர் எண்ணம். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவர் கையில் எடுத்தபோது கணக்கு இடித்தது. பார்வைக்கு பாக்டீரியா, உட்கருவும் இல்லை. ஆனால் எழுத்துகள் பாக்டீரியாவோடு ஒத்துப்போகவில்லை, நம்மோடும் போகவில்லை. 1977-இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இது மூன்றாவது வம்சம் என்று அறிவித்தார்கள். 1990-இல் பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ளவை என்று, உலகங்களுக்கும் மேலான மூன்று டொமைன்கள் வந்தன. விட்டேக்கரின் ஐந்து உலகங்களில் நான்கு இவற்றில் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

அந்த மூன்றாம் வம்சத்தைப் பார்க்கப் பள்ளிக்கரணை போதும். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுமார் 1,247 ஹெக்டேர் சதுப்பின் அடிச்சேற்றில் காற்று புகாது. ஆக்சிஜன் பட்டால் வாழமுடியாத மீத்தேன் ஆர்க்கியாக்களுக்கு அதுதான் வீடு. சேற்றைக் குச்சியால் கிளறினால் குமிழ் வரும். 1776-இல் வோல்டா இத்தாலியில் மேக்கியோரே ஏரியில் பிடித்து எரித்துக்காட்டியதும் அதே வாயு. சதுப்பை ஒட்டி மலைபோல் குவிந்த பெருங்குடிக் குப்பைக்கிடங்கின் வயிற்றிலும் இவை வேலை செய்கின்றன. மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் ஊறிக்கொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தபோது, சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுக்குத் தவித்தார்கள். தீயை அணைப்பது அவ்வளவு கடினமாக இருந்ததற்கு உள்ளே ஊறும் இந்த வாயுவும் காரணம். ஒரு நீர்நிலையின் விளிம்பில் குப்பை கொட்ட இடம் பார்த்தவர்கள், அந்தச் சேற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கவேண்டும்.

மூன்று டொமைன்களும் இப்போது ஆட்டம் காண்கின்றன. 2015-இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றில் கிடைத்த மரபணுக்களிலிருந்து லோகி ஆர்க்கியா என்ற கூட்டம் தெரியவந்தது. உட்கரு உள்ள செல்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட புரதங்களின் மரபணுக்கள் அதில் இருந்தன. அதன் உறவு ஒன்றை ஜப்பானியக் கடலடிச் சேற்றிலிருந்து எடுத்து, பன்னிரண்டு ஆண்டு பொறுமையாக வளர்த்து, 2020-இல் ஒரு குழு படம்பிடித்துக் காட்டியது. உட்கரு உள்ள உயிர்கள் அனைத்தும், வால்வாக்ஸும் காளானும் தாம்பரத்து மாணவரும் உட்பட, ஆர்க்கியாவின் ஒரு கிளையிலிருந்தே வந்தவை என்ற கருத்து இதனால் வலுத்திருக்கிறது. அப்படியானால் டொமைன்கள் மூன்றல்ல, இரண்டு. அடுத்த பகுதி அந்த ஆழ்கடல் சேற்றிலிருந்து தொடங்கும்.